பேய் வீடு தேடும் படக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் குறும்படமும் இணையத் தொடரும் எடுத்துவரும் இளம் படக்குழுவினர் அனைவருக்கும்,

திகில் கதை ஒன்றைக் கையில் வைத்திருக்கும் படக்குழு, நடிகரைத் தேடுவதற்கும் கேமராவை வாடகைக்கு எடுப்பதற்கும் முன்னதாக, 'ராத்திரியில் அந்தப் பக்கம் ஒருத்தரும் போகமாட்டார்கள்' என்று ஊரார் சொல்லும் ஒரு பழங்கட்டடத்தைத் தேடிப் புறப்படுவது இயல்பு. கைக்காசைப் போட்டுப் படமெடுக்கும் சிறு குழுவுக்கு இந்தத் தேடலில் இரண்டு ஆதாயங்கள் தென்படுகின்றன. அரங்கு போடும் செலவு மிச்சமாகிறது. 'உண்மையிலேயே பேய் உலவும் இடத்தில் எடுத்த படம்' என்று சொல்லிக்கொள்ளும் விளம்பரமும் காசில்லாமல் வந்துசேர்கிறது. முதல் ஆதாயம் நியாயமான கணக்கு என்பதில் ஐயமில்லை. இரண்டாவதற்கு உரிய விலையைப் படக்குழு கொடுப்பதில்லை, படம் பிடிக்கப்பட்ட இடமும் அதைச் சுற்றிக் குடியிருப்பவர்களும் பல ஆண்டுகளுக்குத் தவணை முறையில் கொடுக்கிறார்கள் என்பதைச் சொல்லவே இம்மடல் எழுதப்படுகிறது. பேய் உண்டா இல்லையா என்ற வழக்கை இம்மடல் கையில் எடுக்கவில்லை. திகில் படம் கூடாது என்ற பேச்சும் இதில் இல்லை.

தொழிலில் 'லொகேஷன் பார்ப்பது' என்றும் 'ரெக்கி' என்றும் வழங்கும் இடத்தேர்வு, கதை நிகழும் இடத்தையும் கேமரா நிற்கும் இடத்தையும் தனித்தனியாக எண்ணிப் பார்க்கும் வேலையாகும். இவ்விரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்குத் தென்னிந்தியத் திகில் படங்களில் தலையாயதாகக் கருதப்படும் 'மணிச்சித்திரத்தாழ்' சான்றாக நிற்கிறது. 1993-இல் ஃபாசில் இயக்கத்தில் வெளிவந்து, பின்னர் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாகவும் 2005-இல் தமிழில் 'சந்திரமுகி'யாகவும் உருமாறிய இப்படத்தின் கதை, ஆலப்புழை மாவட்டம் முட்டத்திலுள்ள ஆலுமூட்டில் என்னும் பழங்குடும்பத்தில் 1921-இல் நடந்த கொலையை ஒட்டி உள்ளூரில் வழங்கிய பேச்சுகளிலிருந்து முளைத்ததாகச் சொல்லப்படுகிறது. ஆயினும் படக்குழு அந்த வீட்டில் போய்க் கேமராவை நிறுத்தவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையையும், கொச்சிக்கு அருகில் திருப்பூணித்துறையிலுள்ள ஹில் பேலஸையும் தேர்ந்தெடுத்து, இரண்டையும் படத்தொகுப்பில் ஒரே தறவாட்டு வீடாக ஒட்டவைத்தார்கள். பத்மநாபபுரத்தின் தாழ்ந்த மர விதானம், சாய்ந்த மரக்கிராதிகளின் இடுக்கில் வடிகட்டி விழும் வெளிச்சம், எண்ணெய்ப் பளபளப்போடு கிடக்கும் கருந்தரை, ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும் வாசல்கள் ஆகியவை காட்சிக்கு வேண்டிய அச்சத்தைத் தாமே கொடுத்தன. பேய்ப்பெயர் அங்கே தேவைப்படவில்லை.

கடல் கடந்தும் இதே கதைதான். 1979-இல் வெளிவந்த 'அமிட்டிவில் ஹாரர்' படம் அமிட்டிவில்லில் எடுக்கப்படவில்லை. பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் தோதான வேறொரு வீட்டைக் கண்டுபிடித்து எடுத்தார்கள். அப்படியிருந்தும், கதையில் பேசப்பட்ட உண்மையான வீட்டுக்கு வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் தாங்காமல் அதன் கதவிலக்கத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. 2013-இல் வந்த 'தி கான்ஜுரிங்' வட கரோலினாவில் படமாக்கப்பட்டது. கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட ரோட் ஐலண்டு பண்ணைவீட்டின் உரிமையாளர்களோ, நள்ளிரவில் வேலியைத் தாண்டி வருபவர்களின் தொல்லை பொறுக்காமல் 2015-இல் படத் தயாரிப்பு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். கேமரா அருகில்கூட வராத இடத்துக்கே இந்தக் கதி என்றால், பெயரும் முகப்பும் திரையில் பளிச்செனத் தெரியும் இடத்துக்கு என்ன நேரும் என்பதைக் குழுவினரே கணித்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் பேய்ப்பெயர் வேறு விதமாகப் பயன்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அங்குள்ள 'பப்' என்பது ஊர்க்காரர்கள் மாலையில் கூடி அருந்தி, உண்டு, அரட்டையடிக்கும் பொதுமதுக்கூடம். நூற்றாண்டுகள் பழைய பப் பலவற்றிலும் மாடிப்படியில் ஒரு மூதாட்டியோ நிலவறையில் ஒரு துறவியோ உலவுவதாகக் கதை இருக்கும், அந்தக் கதையைக் கேட்கவே வாடிக்கையாளர் வருவதும் உண்டு. குளோஸ்டர்ஷயரில் 1968 வரை மதுக்கூடமாக இருந்த 'ஏன்ஷியன்ட் ராம் இன்' இன்று பேய் வேட்டைக்காரர்களின் யாத்திரைத் தலமாகிவிட்டது. அமெரிக்காவிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்டான்லி கூப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக ஆரிகன் மாநிலத்து டிம்பர்லைன் விடுதியின் வெளிமுகப்பைப் படம்பிடித்தபோது, நாவலில் வரும் 217-ஆம் அறையின் பெயரைக் கேட்டு அந்த அறையில் தங்க ஆள் வராமல் போய்விடும் என்று விடுதியார் அஞ்சியதால், படத்தில் அது விடுதியிலேயே இல்லாத 237-ஆம் அறையாக மாற்றப்பட்டது. பிற்காலத்தில் அங்கே தங்க வருபவர்கள் அதிகம் கேட்பது 217-ஐத்தான் என்று விடுதியே சொல்லும் நிலை வந்தது வேடிக்கை. பேய்ப்பெயரே ஆளை வரவழைக்கும் இந்தக் கணக்குப் பெரம்பலூர்ப் பக்கத்துக்குப் பொருந்தாது. இங்கே ஒரு வீட்டைப் பற்றி 'அது சரியில்லாத வீடு' என்ற பேச்சு ஒருமுறை எழுந்துவிட்டால் வாடகைக்கு ஆள் வராது, விற்கப் போனால் பாதி விலைக்குக் கேட்பார்கள், அவ்வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போதும் அந்தப் பேச்சு வந்து குறுக்கே நிற்கும்.

உண்மையான இடத்தின் பெயரிலேயே பேய்ப்படம் எடுப்பதைத் தமிழ்த் திரையுலகம் ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்துவிட்டது. சென்னையில் டிமான்ட்டி காலனி என்று வழங்கும் தெரு, 1821-இல் மறைந்த போர்த்துகீசிய வழிவந்த வணிகர் ஜான் டி மான்ட்டியின் பெயரைத் தாங்கியது; தம் சொத்தில் பெரும்பகுதியைத் திருச்சபைக்கு எழுதிவைத்தவர் அவர். ஆள் குடியில்லாமல் பாழடைந்த அத்தெருவின் வீடுகளைப் பற்றி முன்பே பேய்க்கதை வழங்கிவந்தது உண்மை. அஜய் ஞானமுத்து இயக்கி 2015-இல் வெளியான 'டிமான்ட்டி காலனி' அக்கதையைச் சென்னை நகரத்து எல்லையைத் தாண்டித் தமிழ்நாடு முழுதும் கொண்டுசேர்த்தது. நேர்த்தியான படம் என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. எனினும் இன்று அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நினைவுக்கு வருவது அப்படத்தில் அணிகலனைக் காக்கும் கொடிய ஆவிதானே தவிர, அறக்கொடை எழுதிவைத்த வணிகர் அல்லர். இறந்து இரு நூற்றாண்டுகள் ஆனவர் வழக்குப் போட வரமாட்டார் என்பது தயாரிப்பாளருக்கு வசதிதான்.

இனி இவ்விரு மாவட்டங்களுக்கு வருவோமானால், இத்தகைய குழுக்களின் கண் முதலில் படுவது ரஞ்சன்குடி கோட்டையாகவே இருக்கும். பெரம்பலூருக்கு வடக்கே ஏறக்குறைய 17 கிலோமீட்டரில், திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலையில் பேருந்தில் போகிறவர்களுக்கே தெரியும்படி நிற்கும் இக்கோட்டை, கர்நாடக நவாபின் கீழிருந்த ஒரு ஜாகீர்தாரால், அதாவது படைப்பணிக்கு ஈடாக நிலவருவாய் உரிமை பெற்ற தலைவரால், 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டது என்பர். செதுக்கிய கருங்கற்களை அடுக்கிக் கட்டிய மூன்றடுக்கு மதில், அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் கொத்தளங்கள், சுற்றிவரும் அகழி, கீழ்த்தளத்தில் குடியிருப்புக்கான பேட்டை, உச்சியில் கோட்டைமேடு, இடையில் அரண்மனைக் கட்டடங்களும் நிலவறைகளும் ஒரு பள்ளிவாசலும் என அமைந்துள்ள இதன் அமைப்பே ஒரு படக்குழுவுக்கு முழுநீளத் திரைக்கதை எழுதித் தரப் போதுமானது.

இக்கோட்டைக்குப் பேய்க்கதை எதுவும் கடன் வாங்கத் தேவையில்லை என்பதற்கு 1751-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று போதும். 1749-இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டபின், அவருடைய மகன் முகமது அலியும் பிரெஞ்சுக்காரர் துணைபெற்ற சந்தா சாகிப்பும் ஆர்க்காட்டுப் பட்டத்துக்காக மோதினர். ஆங்கிலக் கும்பினி முகமது அலியின் பக்கம் நின்றது. 1751-இல் கேப்டன் ஜின்ஜென்ஸ் தலைமையில் வந்த ஆங்கிலப் படை, பக்கத்து ஊரின் பெயரால் வாலிகண்டபுரம் போர் என்று வரலாற்றில் குறிக்கப்படும் மோதலுக்காக இக்கோட்டைப் புறத்தில் பாளையம் இறங்கியது. கோட்டையின் கில்லேதார், அதாவது கோட்டைக் காவல் தலைவர், இரு தரப்புக்கும் பிடிகொடுக்காமல் காலத்தைக் கடத்திக்கொண்டே போனார். பொறுமையிழந்த ஆங்கிலேயர் பேட்டைக்குத் தீ வைத்தனர். அதன்பின் சந்தா சாகிப்பின் படை நெருங்கியதும் ஆங்கிலச் சிப்பாய்களுக்குத் திகில் பிடித்து, தளபதிகள் அதட்டியும் நில்லாமல் பின்வாங்கி ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்கு ஓடினர். பின்னாளில் ஆர்க்காட்டு முற்றுகையால் பெயர் பெறவிருந்த ராபர்ட் கிளைவ், அப்போது இப்படைக்கு உணவும் தளவாடமும் சேர்க்கும் பொறுப்பில் உடனிருந்து இந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தவர். இரண்டு பெரும்படைகளுக்கு நடுவே அகப்பட்டு, யார் வென்றால் தன் தலை தப்பும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு மதில்மேல் நின்ற அந்தக் கில்லேதாரின் ஒரு இரவைக் குறும்படமாக எடுக்க இதுவரை எவருக்கும் தோன்றாதது, இம்மடலின் கருத்தில், வெள்ளைச் சேலைக்கு நம் திரைக்கதையாளர்கள் கொடுத்துவரும் அளவுகடந்த மரியாதையால் நேர்ந்தது.

ரஞ்சன்குடி கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். 1958-ஆம் ஆண்டின் தொல்பொருள் நினைவுச்சின்னங்கள் சட்டமும் 1959-ஆம் ஆண்டின் விதிகளும் இத்தகைய இடங்களை ஆள்கின்றன. சுற்றிப் பார்க்க வருபவர் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வதற்கும், நடிகர்களை நிறுத்தி, விளக்கு வைத்து, வசனம் பேசவிட்டுப் படம் பிடிப்பதற்கும் விதிகளில் வேறுபாடு உண்டு. பின்னதற்குத் துறையின் தலைமை இயக்குநரிடம் முன்கூட்டியே உரிமம் பெற்றாக வேண்டும். கூரையிட்ட உட்பகுதிகளில் படம்பிடிக்க உரிமம் எளிதில் கிடைக்காது என்பதால், நிலவறையில் உச்சக்காட்சி எழுதி வைத்திருக்கும் குழு அதை முதலிலேயே மாற்றி எழுதிவிடுவது நல்லது. மதிலில் பெயர் கீறுவதும், கரிபூசிப் பழமைத் தோற்றம் உண்டாக்குவதும், ஆணி அடிப்பதும் சிதைப்பு என்ற கணக்கில் வரும். 2010-இல் திருத்தப்பட்ட இச்சட்டத்தின்படி அதற்கு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பொதுவாகக் கதிரவன் எழுந்தது முதல் மறையும் வரை மட்டுமே திறந்திருக்கும் என்பது மிகச் சாதாரணமான நிர்வாக ஏற்பாடு. இந்தச் சாதாரண ஏற்பாட்டைக் கொண்டே இந்தியாவின் மிகப் பிரபலமான பேய்க்கதை கட்டப்பட்டிருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. ராஜஸ்தானிலுள்ள பான்கட் கோட்டையில், கதிரவன் மறைந்தபின்னும் எழுமுன்னும் உள்ளே நுழைவது தடைசெய்யப்பட்டுள்ளது என்று துறை வைத்த அறிவிப்புப் பலகையைப் படம்பிடித்துப் போட்டு, 'அரசே ஒப்புக்கொண்ட பேய்க்கோட்டை' என்று எழுதியவர்கள் பலர். அந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால் ரஞ்சன்குடி மட்டுமல்ல, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் வளாகத்துக்கும் அரசே பேய்ச்சான்று கொடுத்ததாக ஆகிவிடும். இரவில் பூட்டிய கதவைத் தாண்டிக் குதித்து எடுக்கும் 'நள்ளிரவுச் சவால்' காணொளிகள் இந்தப் பிழையான வாசிப்பிலிருந்து பிறப்பவை. ஒரு குழு அப்படிக் குதித்துவிட்டுப் போனால், அடுத்து முறையாக மனு போடும் குழுவுக்கும் கதவு மூடப்படும்.

அரியலூரில் வேறொரு வகையான இடம் இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று நிதானமாகவே பேச வேண்டியுள்ளது. 1956 நவம்பர் 23 விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கி வந்த விரைவு ரயில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் அரிக்கப்பட்டிருந்ததால் ஆற்றில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் மகபூப்நகர் விபத்தின்போது விலக முன்வந்தும் ஏற்கப்படாத ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, அரியலூர் விபத்துக்குப்பின் பதவி விலகினார். இம்முறை நேரு அதை ஏற்றுக்கொண்டார். துணையமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனின் பெயரையும் அரியலூரின் பெயரையும் மோனைபட இணைத்துத் திராவிட முன்னேற்றக் கழகம் எழுப்பிய தேர்தல் முழக்கம், அரசியல் மேடைகளில் நீண்டகாலம் ஒலித்தது. அரியலூர் தனி மாவட்டமாக மீண்டும் உருவாக்கப்பட்டது 2007 நவம்பர் 23 அன்று. இந்த நாள் ஒற்றுமையை ஒரு திகில் திரைக்கதையாளர் விடமாட்டார் என்றாலும், அது அரசிதழ் ஒன்றில் தற்செயலாக விழுந்த தேதி மட்டுமே.

கூட்டமாக மனிதர் இறந்த இடத்தைச் சுற்றி அலறல் கேட்பதாகவும் விளக்கு அசைவதாகவும் கதை எழுவது உலகெங்கும் உள்ளது. மருதையாற்றுப் பாலத்தில் இத்தகைய கதையைப் பொருத்திப் படமெடுக்க எண்ணும் குழு, இறந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கக்கூடிய தொலைவில்தான் அந்நிகழ்ச்சி உள்ளது என்பதை மறந்துவிடலாகாது. அந்த விடியலின் அச்சம் ஏற்கெனவே முழுமையானது. ஆற்றில் நீர் ஏறிக்கொண்டிருப்பதும், தண்டவாளம் மேலே அப்படியே இருந்து அடியில் தூண் அரித்துப்போயிருப்பதும், உள்ளே உறங்குபவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் வண்டி வேகம் குறையாமல் வருவதும் போதும். இதற்குமேல் ஒரு ஆவியைச் சேர்ப்பது காட்சியை மலிவாக்குவதாகவே முடியும். இதையன்றி, ரயில்வே நிலத்தில் அனுமதியின்றி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுள்ள குற்றம். இன்றும் இரவும் பகலும் ஓய்வின்றி வண்டிகள் ஓடும் விழுப்புரம்–திருச்சி தடம் அது. பாலத்தின்மேல் நின்று கைப்பேசியில் காட்சி எடுப்பவருக்கு ஒதுங்க இடம் கிடையாது.

கோட்டையும் பாலமும் ஊரறிந்த இடங்கள். ஊருக்குள் இருக்கும் சிறு இடங்களில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. ஒரு புளியமரத்தடியைக் காட்டி 'அங்கே முனி இருக்குது' என்று ஒரு கிழவர் சொன்னால், அச்சொல்லை நகரத்துக் காது பேய் என்றே கேட்கும். அவருக்கோ அது தம் குலத்தைக் காக்கும் முனீஸ்வரன், ஆண்டுக்கு ஒருமுறை கிடா வெட்டிப் படையலிடும் சாமி. அந்த மரத்தடியில் முகத்தில் மாவு பூசிய நடிகையை நிறுத்துவது ஊராருக்கு எப்படிப்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சிறுவாச்சூரில் திங்கள், வெள்ளி ஆகிய கிழமைகளில் மட்டும் நடை திறக்கும் மதுரகாளியம்மனும், அங்கே மலைமேல் உள்ள பெரியசாமியும் இப்பகுதி முழுமைக்கும் எல்லைக்காவல் தெய்வங்கள். 2021-இல் அம்மலைக்கோயில் சிலைகள் உடைக்கப்பட்ட நிகழ்ச்சிக்குப் பிறகு, இரவில் மூட்டையும் கம்பியும் விளக்கும் சுமந்து வரும் அந்நியக் கும்பலை இச்சுற்று வட்டாரத்தார் ஐயத்தோடு பார்த்தால் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கண்ணுக்கு டிரைபாடும் கடப்பாறையும் இருட்டில் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. பல ஊர்களில் 'பேய் உலவும் திடல்' என்று காட்டப்படும் இடம், ஊரின் ஒரு பகுதியார் தம் இறந்தோரைப் புதைக்கும் இடுகாடாக இருக்கும். அப்பகுதியார் யார் என்று விசாரித்தால் பெரும்பாலும் ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டவர்களாக இருப்பார்கள். எவருடைய கல்லறை நிலம் பேய்க்காடு என்று பெயர் பெறுகிறது, எவருடைய கல்லறை நினைவிடம் என்று பெயர் பெறுகிறது என்பதில் சாதியின் கை இருக்கிறது. பாழுங்கிணறுகளின் கதையும் அதற்குச் சளைத்ததன்று. கிணற்றில் விழுந்து இறந்த பெண்ணுக்கு ஒரு பெயர் இருந்தது, அவள் விழுந்ததற்கு ஒரு காரணம் இருந்தது, அக்காரணமாக இருந்தவர் இன்றும் அதே தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கக்கூடும். ஊர் அவளைப் பேயாக்கியதன் மூலம் அந்தக் காரணத்தைப் பேசாமல் விட்டுவிட்டது. படக்குழுவும் கொலுசொலியோடு அதே வேலையைத் தொடர்ந்து செய்வதா என்பது திரைக்கதையாளர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது.

ஜமீன் மாளிகைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அரியலூரும் உடையார்பாளையமும் பாளையக்காரர் மரபில் வந்த ஜமீன்களாக இருந்து புலவரையும் இசைவாணரையும் பேணியவை. உ.வே. சாமிநாதையர் தம் இளமைக் காலத்தில் தந்தையாரோடு அரியலூரிலும் குன்னத்திலும் தங்கி, அரியலூர்ச் சடகோபையங்காரிடமும் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் கற்ற வரலாறு 'என் சரித்திர'த்தில் விரிவாக உள்ளது. ஜமீன் என்றதும் சவுக்கும் நிலவறையும் மட்டும் நினைவுக்கு வரும் திரைக்கதையாளர், அந்த நூலில் வரும் சபைகளையும் சாப்பாட்டையும் கடன் தொல்லையையும் ஒருமுறை படித்துவிட்டு எழுத உட்கார்ந்தால், பாழடைந்த சுவருக்குள் வேறு மனிதர்கள் தென்படுவார்கள். பழைய மாளிகை எதுவாயினும் அதற்கு வாரிசுகள் இருப்பார்கள். பூட்டு இல்லை என்பதால் உரிமையாளர் இல்லை என்று ஆகிவிடாது.

இடம் எதுவாயினும், பாழடைந்த கட்டடத்தில் இரவுப் படப்பிடிப்பு என்பது பேயைவிடக் கண்கூடான ஆபத்துகளைக் கொண்டது. இரவில் நடமாடும் கட்டுவிரியன் கடித்தால் பலவேளைகளில் வலியோ வீக்கமோ தெரியாது; தரையில் படுத்துறங்கும் உதவியாளர் கடிபட்டதே தெரியாமல் காலையில் கண்ணிமை சொருகிய நிலையில் கிடப்பது மருத்துவர்கள் நன்கறிந்த நிகழ்ச்சி. எனவே பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ எவ்வளவு நேரத்தில் எட்டும் என்பதைக் கேமரா வாடகை பேசும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். காற்றோட்டமில்லாத நிலவறைக்குள் ஜெனரேட்டர் புகை நுழைந்தால் உயிரையே பறித்துவிடும். வௌவால் எச்சம் படிந்த கூடத்தில் மணிக்கணக்கில் நிற்பது மூச்சுக்குக் கேடு. அரியலூரைச் சுற்றிலும் சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்துக் கைவிடப்பட்ட குழிகள், பச்சை நீர் தேங்கிப் பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், விளிம்பு எப்போது சரியும் என்று சொல்ல முடியாதவை.

தொழில்நுட்பம் இந்த ஆபத்துகளில் பாதியை ஒழித்துவிட்டது. 'டே ஃபார் நைட்' எனப்படும் முறை, பகலில் படம்பிடித்து வெளிச்ச அளவைக் குறைத்தும் நீலச்சாயல் ஏற்றியும் இரவாகக் காட்டுவது. வானம் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால், ரஞ்சன்குடி மதிலின்மேல் பிற்பகலில் பக்கவாட்டில் விழும் வெயிலே நிலவொளியாக மாறிவிடும். அச்சத்தில் பெரும்பங்கு காதின் வழியாக வருவது என்பதால், 'ரூம் டோன்' என்று ஒலிப்பதிவாளர்கள் குறிப்பிடும் இடத்தின் அமைதியை, அதாவது யாரும் பேசாதபோது அந்தக் கூடம் தானாக எழுப்பும் மெல்லிய இரைச்சலை, ஒவ்வோர் அறையிலும் சில நிமிடம் தனியே பதிவு செய்துகொள்வது எந்தப் பேய்க்கதையையும்விடப் பயன் தரும். 1998-இல் விக் டாண்டி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், தம் ஆய்வகத்தில் சிலருக்கு ஏற்பட்ட குளிர் நடுக்கத்துக்கும் ஓரக்கண்ணில் தெரிந்த நிழலுக்கும், ஒரு மின்விசிறி எழுப்பிய ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் அதிர்வு காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். காதுக்குக் கேட்காத இத்தகைய தாழொலியைப் பற்றிய அம்முடிவு இன்னும் விவாதத்துக்கு உரியதே. ஆனாலும், ஒரு கட்டடம் மனிதரை அச்சுறுத்துவது எதனால் என்பதைக் காற்று, ஒலி, வெளிச்சம் என்று பிரித்துப் பார்க்கப் பழகிய குழுவுக்கு, எந்தக் கட்டடத்திலும் திகில் படம் எடுக்க வரும்.

படப்பிடிப்பு முடிந்தபின் செய்ய வேண்டியவற்றில் ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடலாம். மாந்திரீகக் காட்சிக்காகக் கொண்டுவந்த குங்குமம் தடவிய எலுமிச்சையையும் கறுப்புக் கயிற்றையும் கோழிமுட்டையையும் உடைந்த பொம்மையையும் அப்படியே போட்டுவிட்டு யூனிட் வண்டி ஏறிப் போனால், மறுநாள் காலையில் ஆடு ஓட்டிக்கொண்டு வருபவர் கண்ணில் அவைதாம் முதலில் படும். உச்சிவேளைக்குள் ஊர் முழுதும் செய்தி பரவி, அன்றிரவே யார் யாருக்குச் செய்வினை வைத்தது என்று பஞ்சாயத்து கூடிவிடும். தரையில் அரிசிமாவால் வரைந்த கட்டத்தைக் கழுவிவிட ஒரு குடம் தண்ணீர் போதும்.

படத்தில் இடத்தின் உண்மைப் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது இறுதியாக முடிவு செய்ய வேண்டியது. கதை பேயைப் பற்றியதாக இருந்தால் கற்பனை ஊர்ப்பெயரைச் சூட்டி, அடையாளப் பலகைகளைச் சட்டகத்திலிருந்து விலக்கி, நன்றி அறிவிப்பில் மட்டும் உரிமம் வழங்கிய துறையின் பெயரைக் குறிப்பிடுவது பொருத்தமாகும். கதை 1751-ஐப் பற்றியதாகவோ 1956-ஐப் பற்றியதாகவோ இருந்தால் ரஞ்சன்குடி, மருதையாறு என்னும் பெயர்களை முழுமையாகவும் பிழையின்றியும் போடலாம். எதைத் தேர்ந்தாலும், தொல்லியல் துறைக்கான மனுவில் காட்சிச் சுருக்கம், வேண்டிய நாட்கள், ஆட்களின் எண்ணிக்கை, கருவிகளின் பட்டியல் ஆகியவற்றை இணைத்து, விடை வருவதற்குப் போதிய மாதங்களைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, நடிகர்களிடம் தேதி வாங்குவதை அதற்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்று குழுவினர் அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.